முதல் சால் தண்ணீர்

1. பஞ்சில் வந்த கிருமி

அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை கருப்பட்டி தட்டுவது. பாளையங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு, ரசாயனத்தில் நல்ல மார்க்கு. என் தகப்பனார் உபதேசியார். மகனுக்கு உத்தியோகம் கிடைத்ததற்காக ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். திங்கட்கிழமை காலையில் நான் சோதனைப் பண்ணைக் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தேன்.

டில்லி தர்பாரைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. பண்ணை பொருநை ஆற்றங்கரையில் இருந்தது, கையகலப் பண்ணைதான். அதற்கு ஒரு சூப்பரிண்டெண்டு. பட்டணத்துப் பக்கத்துக்காரர். பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், அதுகள் என்ன செய்தன பாவம்.

கருப்பட்டி எதற்கு என்றால், கிருமிக்கு. சீமையிலிருந்து தபாலில் ஒரு பொட்டலம் வந்திருந்தது. பிரித்தால் உள்ளே வெறும் பஞ்சு. அந்தப் பஞ்சில் ஒருவகைக் கிருமியைக் காயவைத்து அனுப்பியிருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை ஊறப்போட்டால் கிருமி உயிர்பிடித்துப் பெருகும். அந்தத் தண்ணீரில் விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். கூட வந்த நோட்டீஸ் அப்படித்தான் சொன்னது. வெள்ளைச் சர்க்கரை வாங்கச் சூப்பரிண்டெண்டு சம்மதிக்கவில்லை.

“கருப்பட்டியே போதும். கிருமிக்கு என்ன காப்பியா போட்டுக் கொடுக்கப்போகிறோம்?” என்றார்.

விதை எகிப்திலிருந்து வந்தது. கிளவர் என்று பெயர். மாட்டுத் தீவனம். நம் கொழிஞ்சி, சணப்பு மாதிரி இதன் வேரிலும் முடிச்சு விழும், குண்டூசித் தலை அளவுக்கு. முடிச்சுக்குள் இருக்கிற கிருமி காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும். எரு போடாமலே பயிர் கருகருவென்று வரும். முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் கிருமி வேலை செய்கிறது என்று அர்த்தம். எகிப்துப் பயிருக்குரிய கிருமி நம் மண்ணில் கிடையாது. அதனால்தான் பஞ்சுப் பொட்டலம்.

எனக்கு அது பெரிய அதிசயமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன், கடல் தாண்டிப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்து, பொருநைக் கரையில் கருப்பட்டித் தண்ணீர் குடித்துப் பிழைக்கிறது என்றால் சும்மாவா! பண்ணையில் ஒரு பாத்தி சோதித்துப் பார்த்தோம். ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சினோம். முளைத்த நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நிறைய முடிச்சு. சூப்பரிண்டெண்டுக்கு ஒரே குஷி. இதை ஆற்றின் கடைசிப் பகுதியில், கால்வாய்த் தண்ணீர் எட்டாத தோட்டங்களில் போட்டுக் காட்டிவிட்டால் மேலே இருக்கிற துரைக்கு ரிப்போர்ட் எழுதலாம். அவருக்கு ராவ் சாகிப் பட்டத்தின் மேல் ஒரு கண் இருந்தது.

2. சாவடியில் கொடுத்த வாக்கு

கொற்கைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே சுடலைமுத்து என்று ஒருவர். நடுவயது, நெடுநெடுவென்ற ஆள், பேச்சு குறைவு. நஞ்சை கிடையாது. ஒரு தோட்டம், அதில் ஒரு கிணறு, கமலையில் தோல்சால் கட்டித் தண்ணீர் இறைக்க ஒரு சோடி மாடு. ஒன்று மயிலை, ஒன்று செவலை. கத்தரி, மிளகாய் போடுவார். ஒரு துண்டு நிலத்தில் வருஷா வருஷம் சோளம் விதைப்பார், தட்டைக்காக. கோடையில் மாட்டுக்கு அந்தத் தட்டைதான் சோறு. அந்தத் துண்டைத்தான் சூப்பரிண்டெண்டு கிளவருக்குக் கேட்டார்.

ஐப்பசியில் ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டார். நானும் விதை மூட்டையோடு போயிருந்தேன். கிருமி என்ற வார்த்தையைக் கேட்டதுமே பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் அந்தப் பக்கம் காலரா வந்து ஓய்ந்திருந்தது.

“காலராவுக்கும் கிருமின்னு சொன்னிய, இப்பம் புல்லுக்கும் கிருமிங்கிய. எங்க தலையில என்னத்தத்தான் கட்டப் பாக்கிய?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

சூப்பரிண்டெண்டு சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஆட்டினார். சுடலைமுத்துவின் கிணற்றுத் தண்ணீர் நான் வேலைக்கு வருமுன்பே போத்தலில் வாங்கிச் சோதிக்கப்பட்டிருந்தது. முதல் தரம் என்று முடிவு.

“உன் கிணற்றுத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீருக்குச் சமம். இந்தப் பக்கத்திலேயே இப்படி ஒரு கிணறு இல்லை. எகிப்தில் வயலில் தண்ணீர் நிற்கும்படி பாய்ச்சுகிறார்கள். நீயும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இறைத்துப் பாய்ச்ச வேண்டும்.”

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார். “ஐயா, நம்ம கெணத்துல நிறுத்தி நிறுத்தித்தான் எறைக்கது. ஒரேயடியா எறைச்சா...”

“அதெல்லாம் சோம்பேறித்தனம். தண்ணீரை நாங்கள் பார்த்தாகிவிட்டது. சொன்னதைச் செய்.”

ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கும் சுடலைமுத்து என்ன சொல்ல வந்தார் என்று அப்போது விளங்கவில்லை. அவருடைய மனைவி பேச்சியம்மாள் சாவடிக்கு வெளியே வேப்பமரத்தடியில் மற்றப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்:

“சோளத்த விட்டுட்டு இந்தத் தொரப்புல்லப் போடுதோம். அது வரலைன்னா கோடைக்கு எம் மாடு ரெண்டும் மண்ணையா திங்கும்?”

சூப்பரிண்டெண்டு எழுந்து நின்றார். இதை நான் இரண்டு காதாலும் கேட்டேன். ஊரே கேட்டது. “புல் வராவிட்டால் பண்ணையிலிருந்து வைக்கோல் வரும். கோடை முழுக்க உன் மாட்டுக்குத் தீவனம் சர்க்கார் பொறுப்பு. போதுமா?”

போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சர்க்கார் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு கனம். சுடலைமுத்து விதை வாங்கிக்கொண்டார்.

3. தொட்டி ஓரத்துப் பச்சை

மேற்பார்வைக்கு என்னைப் பக்கத்திலிருந்த ஏரலில் தங்கச் சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை நடந்து போய்ப் பயிரைப் பார்ப்பேன். எப்போது போனாலும் பேச்சியம்மாள் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். தேனாக இருக்கும். நடந்த களைப்பு ஒரு மடக்கில் போய்விடும். அவரை மதினி என்றும் சுடலைமுத்துவை அண்ணாச்சி என்றும் நான் கூப்பிட ஆரம்பித்து வெகுநாள் ஆகவில்லை. ஆனால் ஏதோ சொந்தத்துக்குள் போய்வருகிற மாதிரி ஆகிவிட்டது.

கார்த்திகை மழையில் கிளவர் ஜம்மென்று முளைத்தது. பிடுங்கிப் பார்த்தேன். வேரில் முடிச்சு, கிள்ளினால் சிவப்பு. மார்கழி பிறந்து மழை நின்றது. சூப்பரிண்டெண்டு சொன்னபடியே சுடலைமுத்து காலையில் கமலை பூட்டினால் சாயங்காலம்தான் அவிழ்த்தார். ஒருநாள் கூடச் சுணங்கவில்லை. மனுஷன் வேலையில் ஏமாற்றத் தெரியாதவர். இதை அடிக்கோடிட்டுச் சொல்லுகிறேன், ஏனென்றால் பிறகு வேறு கதை சொன்னார்கள்.

தை மாதம் புல் மஞ்சளடித்தது. சாகவில்லை, சாகாமலே நின்றுபோயிற்று. சாண் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. வெளுத்துப் போன இலையோடு அப்படியே நின்றது. பிடுங்கிப் பார்த்தால் பழைய முடிச்செல்லாம் சுருங்கிக் கறுத்துக் கிடந்தது. புதிய வேரில் முடிச்சே இல்லை. பண்ணைப் பாத்தியிலோ அதே விதை, அதே பஞ்சு, அதே வெயில், முழங்கால் உயரப் பச்சை. எனக்குத் தலை சுற்றியது.

மாசியில் ஒருநாள் மத்தியானம் வரப்பில் குந்திக்கொண்டு அந்த மஞ்சள் பரப்பை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கிணற்றடியில் மாட்டுத் தண்ணீர்த்தொட்டி. அதன் ஓரமாகக் கிளவர் ஒரு முழ அகலத்துக்குக் கருகருவென்று நின்றது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு. கிள்ளினேன். சிவப்பு!

“மதினி! இங்கே மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?”

“தொட்டி நெறஞ்சு வழியுதுல்லா, அந்தத் தண்ணி பாயுது.”

“இதுவும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “தொட்டியில மொத சால் தண்ணிய மட்டுந்தான் தம்பி ஊத்துவோம். உச்சிப்பொழுது தண்ணிய ஊத்தினா மாடு மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிடும்.”

வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை அள்ளி வாயில் விட்டேன். த்தூ! உவர். கடல் தண்ணீரை அள்ளிக் குடித்த மாதிரி. செம்பில் எனக்குக் கொடுக்கிற தண்ணீர் வேறு, இது வேறு.

அந்தப் பக்கத்துக் கிணறுகளின் குணம் அது. கடல் கிட்டே இருக்கிறது. அடியில் உப்புத் தண்ணீர், அதன்மேல் ஊற்று நல்ல தண்ணீர் மெல்லிசாகப் படிந்து நிற்கும். விடியுமுன் கமலையின் தோல்சாலை முதலில் இறக்கி மேலாக்க மொண்டால் தேன். கொஞ்சம் இறைத்துவிட்டுக் கிணற்றைச் சும்மா விட வேண்டும். விடாமல் இறைத்தால் மேல் தண்ணீர் தீர்ந்து, கீழே கிடக்கிற உப்பு எழும்பி வந்துவிடும். அந்த ஊரில் யாருக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நிறுத்தி நிறுத்தி இறைத்தார்கள், பிழைத்தார்கள்.

தண்ணீரில் உப்பு இருந்தால் கலங்கிக் காட்டுகிற சில்வர் நைட்ரேட் போத்தல் என் பெட்டியில் இருந்தது. தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன், லேசாகக் கலங்கிற்று. வாய்க்கால் தண்ணீரில் விட்டேன். திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக அடியில் இறங்கிற்று. அவ்வளவு உப்பு. புல் அந்த உப்பைத் தாங்கிக்கொண்டது. கிருமியால் தாங்க முடியவில்லை. வேருக்குள் போய் முடிச்சுப் போட வேண்டிய ஜீவன் மண்ணிலேயே மடிந்துபோயிற்று. உள்ளே இருந்ததும் செத்தது. நைட்ரஜன் கொடுக்க ஆளில்லாமல் பயிர் பட்டினியில் நின்றது.

“அப்படியென்றால் சோதனைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் முகத்தில் பெருமை தெரிந்தது. “கோடையில பியூன் ஒருத்தரு போத்தலோட வந்தாவ. ‘ஆபீசுக்குத் தண்ணி வேணும்’னாவ. அம்புட்டுப் பெரிய ஆபீசுலருந்து நம்ம வீட்டுல தண்ணி கேட்டு வந்துருக்காவன்னா, ஏனோதானோன்னு குடுக்க முடியுமா? ராத்தங்கச் சொல்லி, விடியக்கருக்கல்ல மொத சாலு எறைச்சு, துணியில வடிகட்டி, புளி போட்டு வெளக்குன கொடத்துல வச்சுல்லா ஊத்திக் குடுத்தேன்! வெட்டிவேரு போடட்டுமான்னு கூடக் கேட்டேன். அவருதான் வேண்டாம்னுட்டாவ.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பியூன் எதற்கென்று சொல்லவில்லை. அவனுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்த ஆள் தண்ணீர் கேட்டால் குடிக்கிற தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். வாய்க்காலில் ஓடுகிறதை மொண்டு கொடுக்க அந்த ஊரில் எவளுக்கும் கை வராது. சோதித்தது குடிதண்ணீரை; பாய்ச்சியது உவர்த் தண்ணீரை. இதற்குள்தான் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டோம்.

கமலையை அவிழ்த்துவிட்டுச் சுடலைமுத்து வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கிருமி, முடிச்சு, உப்பு. கண்டுபிடித்துவிட்ட குஷியில் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் போலிருக்கிறது. பேச்சியம்மாள் குறுக்கே புகுந்தார்.

“காரணம் கெடக்கட்டும் தம்பி. மாடு காரணத்தையா திங்கும்? தட்டை இல்ல. வாங்கி வச்ச வைக்கோலும் தீரப்போவுது. பங்குனி பொறந்துட்டா ஒரு புல்லு பூண்டு கெடையாது. பண்ணையிலருந்து வைக்கோலு வருமா வராதா, அதச் சொல்லுங்க.”

“வரும் மதினி. நானே போய்க் கேட்கிறேன்” என்றேன்.

மயிலை கழுத்தை நீட்டி என் கையை நக்கியது. உப்பு ஒட்டியிருந்தது போல.

4. ஆபீஸ் அறையில்

பண்ணையில் மூன்று வைக்கோல் படப்பு நின்றது. பிசான நெல் அறுத்துப் புதிதாகப் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சூப்பரிண்டெண்டு அறைக்குள் போனேன். மனத்தில் பயமே இல்லை. காரணம் தெரிந்துவிட்டது, ரைத்து மேல், அதாவது பயிரிட்ட குடியானவர் மேல் தப்பில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறோம், வைக்கோல் இருக்கிறது. இதில் சிக்கல் என்ன இருக்கிறது?

இரண்டு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஊற்றி மேஜைமேல் வைத்துச் சொட்டு விட்டுக் காட்டினேன். இரண்டு செடியையும் பக்கத்தில் வைத்தேன். முடிச்சுள்ளது, இல்லாதது. முதல் சால் கதையையும் சொன்னேன். அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். ஆகா, மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் அவர் முகம் தெளிந்தது. எப்போது தெளிந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெட்டிவேர் என்று சொன்னபோது.

“அப்படியானால் நம் சோதனையில் தவறில்லை” என்றார்.

“இல்லை சார்.”

“விதையிலும் தவறில்லை. கிருமியிலும் தவறில்லை.”

“இல்லை சார்.”

“அந்த ஆள் வேறு தண்ணீரைக் கொடுத்து இலாகாவை ஏமாற்றியிருக்கிறான்.”

“ஏமாற்றவில்லை சார். குடிக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்து நல்ல தண்ணீராகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கென்று நம் ஆள் சொல்லவில்லை.”

“கிணறு உப்பு என்று அவனுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும். அதைத்தான் சாவடியில் உங்களிடம் சொல்ல வந்தார். நிறுத்தி நிறுத்தித்தான் இறைப்போம் என்றார். நீங்கள் சோம்பேறித்தனம் என்றீர்கள்.”

“அப்படி எதுவும் அவன் சொல்லவில்லை.”

“நான் கேட்டேன் சார். பக்கத்தில்தான் நின்றேன்.”

“நீர் கேட்டிருக்க மாட்டீர், மிஸ்டர் ஞானமுத்து.” குரலை உயர்த்தவே இல்லை. “நீர் இன்னும் புரொபேஷனில் இருக்கிறீர், இல்லையா?”

என்ன மனுஷன் பாருங்கள்! ஒரு பெண்பிள்ளை குடத்தைப் புளி போட்டு விளக்கித் தண்ணீர் கொடுத்ததைப் பத்தே நிமிஷத்தில் மோசடி ஆக்கிவிட்டார். அதற்கு வேண்டிய அத்தனை சாமானையும் நான்தான் மேஜைமேல் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

வைக்கோலைக் கேட்டேன். இலாகாவை ஏமாற்றினவனுக்கு இலாகா தீவனம் போடுமா என்றார். அந்த மாடு இரண்டும் யாரையும் ஏமாற்றவில்லையே என்றேன். வெளியே போகலாம் என்று கையைக் காட்டினார்.

துரைக்குப் போன ரிப்போர்ட்டில், கடைப்பகுதி ரைத்து வேண்டுமென்றே பொய்யான தண்ணீர் கொடுத்ததால் சோதனை கெட்டது என்று எழுதினார். எகிப்து கிளவர் ஆற்றுப் பாசனத்தில் நன்றாக வருகிறது என்றும் எழுதினார். இரண்டாவது வாக்கியம் சுத்த நிஜம். அதுதான் வயிற்றெரிச்சல்.

5. அவர் கேட்டது

பங்குனி வந்தது, சித்திரையும் வந்தது. கால்வாயில் தண்ணீர் அடைத்தாகிவிட்டது. கொற்கைப் பக்கம் பொட்டல் வெயில். வைக்கோல் விலைக்குக் கூடக் கிடைக்கவில்லை; கிடைத்த இடத்திலும் அவரவர் மாட்டுக்கே காணாது. சுடலைமுத்து பனையோலையை நறுக்கிப் போட்டார், வேப்பங்குழை போட்டார். அந்த மஞ்சள் புல்லையும் அறுத்துப் போட்டார். அதில் இருந்தது கையளவு. நான் ஏரலில் என் சம்பளத்தில் இரண்டு வண்டி தட்டை பிடித்து அனுப்பினேன். எத்தனை நாளுக்குக் காணும்?

ஒருநாள் போனபோது செவலை படுத்துக் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம். வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்து ஆட்கள் தூக்கி நிறுத்தினார்கள். நின்றது, கால் நடுங்கிற்று, மறுபடி படுத்துவிட்டது. பேச்சியம்மாள் கஞ்சித் தண்ணீரை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த நிலைமையிலும்! வாங்கிக் கையில் வைத்திருந்தேன்.

செவலை மறுநாள் போய்விட்டது. ஒற்றை மாட்டை வைத்துக் கமலை இறைக்க முடியாது. மயிலையைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மாடு இல்லையென்றால் கிணறு இல்லை, கிணறு இல்லையென்றால் தோட்டம் இல்லை. தூத்துக்குடிக் கங்காணி ஒருவன் கொழும்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் திரிந்தான். இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கப்பலுக்குப் போவதற்கு முன்னால் சுடலைமுத்து பண்ணைக்கு வந்தார். நடந்தே வந்திருக்கிறார். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸில் எது தங்கும்? என்னைப் பார்த்தும் நிற்காமல் நேரே சூப்பரிண்டெண்டு அறை வாசலில் போய், மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நானும் பின்னாலேயே போனேன். வைக்கோலைப் பற்றிச் சண்டை போடுவார், நானும் சேர்ந்து போடலாம் என்று நினைத்தேன்.

“ஐயா, மாடு போச்சு. அதக் கேக்க வரல. நான் ஏமாத்தினேன்னு எளுதியிருக்காம்லா, அத மட்டும் அழிச்சிருங்க. ஊருல என் தம்பி, மச்சினமாரு எல்லாம் இருக்காவ. அதக் கேட்டுட்டு அவுக தலநிமிந்து நடக்க முடியாது.”

சூப்பரிண்டெண்டு காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மேலே போய்விட்டதப்பா. எழுதியது எழுதியதுதான்.”

சுடலைமுத்து கும்பிட்டார். கும்பிட்டார் ஐயா, அந்த ஆளைப் பார்த்து! வெளியே வந்து படப்பு நிழலில் என்னோடு நின்றார். அந்தப் படப்பு மூன்றும் பிரிக்கப்படாமல் அப்படியே நின்றன.

“சார்வாள், ஒண்ணு கேக்கேன். நல்ல தண்ணி குடுத்தது தப்பா?”

“இல்லை அண்ணாச்சி.”

“நீங்க போயி அவருகிட்ட இதச் சொல்லாம இருந்திருந்தா, புல்லு வரல, வெதை கோளாறுன்னு விட்டுருப்பாக. வைக்கோலும் குடுத்துருப்பாக, என்ன?”

கோபமாகக் கேட்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளுகிற மாதிரி கேட்டார். “கொடுத்திருப்பார்கள்” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“சரி, பைய வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கிழக்கே நடந்தார்.

நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரியென்றே சொல்லுவேன். தண்ணீரில் உப்பு இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இன்னொரு தோட்டத்தில் இதே கூத்து நடக்கும். ஆனால் கண்டுபிடித்த உண்மையை முதலில் எங்கே போய்ச் சொல்லுவது என்று எனக்கு அன்று யாரும் கற்றுத்தரவில்லை. இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். யார் நிலமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். சாவடியில், நாலு பேர் நடுவில், சத்தமாகச் சொல்லுங்கள். யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். ஊர் கேட்டபிறகு ஆபீஸுக்குப் போங்கள். அப்புறம் அதை எந்த சூப்பரிண்டெண்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுத முடியாது. நான் அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தேன். அதனால் ராதாபுரத்துப் பனங்காட்டுக்கும், பாபநாசத்து மலையடிக்கும், இன்னும் எங்கெங்கோ மாற்றினார்கள். போய்க்கொண்டே இருந்தேன்.

சூப்பரிண்டெண்டுக்கு ராவ் சாகிப் பட்டம் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் திரும்பி வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஏமாற்றினார் என்ற அந்த வார்த்தையைச் சுடலைமுத்து பெயருக்கு எதிரிலிருந்து எடுக்கச் சொல்லி நான் ரிட்டையர் ஆகும்வரை மனு எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வரும். பழைய விஷயம், சம்பந்தப்பட்ட ரைத்து ஊரில் இல்லை, நடவடிக்கை தேவையில்லை.